விருதுபட்டியின் மாணாக்கர்

ஸ்ரீ காமராஜரைப் பற்றிப் பேச மேடை ஏறும் பிரசங்கிகளில் பத்துக்கு எட்டுப் பேர் அவரைப் படிக்காத மேதை என்று சொல்லித்தான் ஆரம்பிக்கிறார்கள். சொல்லுகிறவர்களுக்கு அது புகழ்ச்சி. கேட்கிறவர்களுக்கும் இனிப்பாக இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட நினைக்கும் பையன் ஒருவன் கூட்டத்தின் ஓரத்தில் நின்று கேட்டால் அவனுக்கு இன்னும் அதிகமாக இனிக்கும். இந்தப் பட்டத்தை நாம் ஆட்சேபிக்கிறோம். அவர் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர் என்பது மெய். படியாதவர் என்பது மெய்யன்று. பள்ளிக்கூடம் கைவிட்ட பிறகு வித்தையை அவர் விடாமல் துரத்திப் பிடித்த வரலாறு ஒன்று உண்டு. அந்த வரலாற்றை மறைத்துவிட்டு மேதையை மட்டும் காட்டுவது அவருக்கும் நியாயமன்று, நம் பிள்ளைகளுக்கும் நன்மையன்று. ஊர் ஊராகக் கூட்டம் போடும் தேச ஊழியர்கள் நமது வாசகர்களில் பலர். ஆகையால் அந்த வரலாற்றை இங்கே சற்று விரிவாகச் சொல்லுகிறோம்.

1903-ம் வருஷம் ஜூலை மாதம் 15-ந் தேதி, அக்காலத்தில் விருதுபட்டி என்று வழங்கிய ஊரில், தேங்காய் வியாபாரி குமாரசாமி நாடாருக்கும் சிவகாமி அம்மாளுக்கும் புத்திரராக அவர் பிறந்தார். குலதெய்வத்தின் பெயரால் காமாட்சி என்று பெயரிட்டார்கள். தாயார் செல்லமாக ராஜா என்று அழைத்தார். இரண்டு பெயர்களும் கூடிக் காமராஜ் ஆயின. பின்னால் விருதுநகர் என்று பெயர் மாறிய அந்த ஊர், ஆறு குளத்தை நம்பிப் பிழைக்கும் ஊரன்று. சுற்றிலும் கரிசல் காடு. வானம் பார்த்த பூமி. பருத்தியும் வற்றலும் மல்லியும் பயறும் வண்டி வண்டியாக வந்து இறங்கி, மதுரை தூத்துக்குடி ரயில் மார்க்கமாக வெளியூர் போகும் வியாபார ஸ்தலம். தராசும் கணக்குப் புஸ்தகமுமே அங்கே பெரியவர்களின் ஆயுதங்கள்.

அந்த வியாபாரிகளின் சமூகத்துக்கு அப்போது ஒரு பெரிய மனக்குறை இருந்தது. கையில் பணம் இருந்தது, கோயிலுக்குள் போக உரிமை இல்லை. 1899-ல் சிவகாசி ஆலயப் பிரவேச விவகாரம் முற்றிப் பெருங் கலகமாக வெடித்து, வீடுகள் எரிந்து, உயிர்கள் மாண்டன. கமுதி ஆலய வழக்கு கீழ்க் கோர்ட்டிலிருந்து லண்டன் பிரிவி கவுன்சில் வரையில் போய், 1908-ல் நாடார்களுக்குப் பாதகமாகத் தீர்ந்தது. வக்கீல் தொழிலில் பழகிய நமக்கு அந்தத் தீர்ப்பைப் படிக்கும்போதெல்லாம் ஓர் எண்ணம் தோன்றும். வழக்கில் தோற்றவர்கள் வேறு எந்த நீதிமன்றமும் மறுக்க முடியாத ஒரு காரியத்தை அதற்கு முன்பே தொடங்கியிருந்தார்கள். ஆலயக் கதவு திறவாமற் போகலாம். பள்ளிக்கூடக் கதவைத் தாங்களே செய்து தாங்களே திறந்துகொள்ளலாம் அல்லவா?

விருதுபட்டியின் க்ஷத்திரிய வித்தியாசாலை அவ்விதம் திறக்கப்பட்ட கதவு. வியாபாரிகள் தம் சரக்கின்பேரில் தாங்களே விதித்துக்கொண்ட மகமையும், வீட்டு ஸ்திரீகள் உலையில் அரிசி போடும்போது ஒரு பிடியைத் தனியே எடுத்து வைத்த பிடியரிசியும் அந்தப் பள்ளிக்கூடத்தைத் தாங்கின. பிடியரிசியைச் சேகரித்து விற்று, வந்த பணத்தை உபாத்தியாயர்களின் சம்பளத்துக்கும் கட்டடத்துக்கும் செலவிட்டார்கள். பிள்ளைகளிடம் சம்பளம் வாங்கவில்லை. ஒரு பிடி அரிசி குறைந்ததால் எந்த வீட்டிலும் யாரும் பசியோடு படுக்கவில்லை. ஆனால் பல நூறு வீடுகளின் பிடிகள் சேர்ந்தபோது ஒரு தலைமுறை எழுத்தறிந்தது. இந்தப் பிடியரிசியை வாசகர்கள் மறக்காமல் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். நாற்பது வருஷங்களுக்குப் பின் அது வேறு உருவில் வரும்.

பாலன் காமராஜ் முதலில் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எழுத்துப் பழகி, பிறகு வித்தியாசாலையில் சேர்ந்தார். ஆறு வயதிருக்கும்போது தகப்பனார் காலமானார். அதுவரை குறையின்றி நடந்த குடும்பம் சட்டென்று ஒடுங்கியது. சிவகாமி அம்மாள் காதில் கிடந்த தோட்டைத் தவிர மற்ற நகைகளையெல்லாம் விற்று, பணத்தை உள்ளூர் வியாபாரி ஒருவரிடம் போட்டு, மாதா மாதம் வரும் வட்டியைக் கொண்டு, மாமியார் பார்வதி அம்மாளோடும் இரண்டு குழந்தைகளோடும் காலம் தள்ளினார். வட்டியில் நடக்கும் வீட்டில் ஒரு பையன் பன்னிரண்டு வயதுக்கு மேல் படித்துக்கொண்டிருப்பது கடினம். படிப்புக்குச் சம்பளம் இல்லை என்பது வாஸ்தவமே. ஆனால் பையன் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும் நேரத்துக்கு வீட்டில் ஒரு விலை இருந்தது. ஏழையின் வீட்டுக் கணக்கில் இந்த விலையைத்தான் கல்வி மந்திரிகளும் கல்வி அதிகாரிகளும் நெடுங்காலம் எழுதாமல் விட்டுவந்தார்கள். புஸ்தகத்தை வைத்துவிட்டுத் தாய்மாமன் கருப்பையா நாடாரின் ஜவுளிக் கடையில் காமராஜ் உட்கார்ந்தார்.

பெரும்பாலான பிள்ளைகளின் கதை இந்த இடத்தில் முடிந்துவிடுகிறது. முழக்கோலைப் பிடித்த கை பிறகு பேனாவைப் பிடிப்பதில்லை. இந்தப் பையனோ துணி மடிக்கும் நேரம் போக மிச்ச நேரத்தில் பத்திரிகை படிக்கத் தொடங்கினார். சுதேசமித்திரன் விருதுபட்டிக்கு வரும். அதை வரிவிடாமல் படித்து, படித்ததைத் தன் வயதுப் பையன்களோடு தர்க்கித்தார். அன்னி பெஸண்ட் அம்மையாரின் ஹோம்ரூல் கிளர்ச்சி நடந்த காலம் அது. டாக்டர் வரதராஜுலு நாயுடு, ஜார்ஜ் ஜோஸப் முதலியவர்கள் பக்கத்து ஊர்களுக்குப் பேச வந்தால் கடையைக் கட்டும் நேரம் வரை காத்திருக்க அவருக்குப் பொறுமையில்லை. எழுந்து போய்விடுவார். பொதுக்கூட்டம்தான் அன்றைய ஏழைப் பையனின் ஹைஸ்கூல். சரித்திரமும் பூகோளமும் பொருளாதாரமும் அங்கே தமிழில் சம்பளமில்லாமல் போதிக்கப்பட்டன. வருகைப் பதிவு மட்டும் கிடையாது.

1919-ல் ஜாலியன்வாலா பாக் படுகொலைச் செய்தி எட்டியபோது அவருக்குப் பதினாறாவது வயது நடந்துகொண்டிருந்தது. அடுத்த வருஷம் ஒத்துழையாமைத் தீர்மானம் நிறைவேறியதும் அவர் காங்கிரஸின் முழுநேரத் தொண்டரானார். 1921-ம் வருஷம் செப்டம்பர் மாதம் மகாத்மா மதுரைக்கு வந்தபோது கூட்டத்தில் ஒருவராகச் சென்று தரிசித்தார். காந்தியடிகள் சட்டையையும் தொப்பியையும் துறந்து அரைத்துணி பூண்டதும் மதுரையில், அந்த யாத்திரையில்தான். ஜவுளிக் கடையிலிருந்து போன பையனுக்கு அதைக் காட்டிலும் சுருக்கமான பொருளாதார பாடம் வேறு என்ன கிடைத்திருக்கும்?

வீட்டார் கலங்கியது இயல்பே. இருப்பது ஒரே ஆண் பிள்ளை. அவனும் போலீஸார் கண் வைக்கும் காரியத்தில் இறங்கிவிட்டான் என்றால் வட்டிப் பணத்தில் வாழும் தாயார் என்ன செய்வார்? திருவனந்தபுரத்தில் மரக்கடை வைத்திருந்த இன்னொரு மாமனிடம் அனுப்பிப் பார்த்தார்கள். கல்யாணப் பேச்சையும் எடுத்துப் பார்த்தார்கள். இரண்டும் பலிக்கவில்லை. 1924-ல் திருவாங்கூர் ராஜ்யத்து வைக்கத்தில், ஆலயத்தைச் சுற்றியுள்ள வீதிகளில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் தொடங்கியபோது அதிலும் அவர் தொண்டராகக் கலந்துகொண்டார். சிவகாசியும் கமுதியும் அவருடைய ஊருக்கு அருகிலுள்ளவை என்பதை நினைத்தால் வைக்கம் அவருக்கு அந்நியமாய்த் தோன்றியிராது. மதுரை மீனாட்சி ஆலயத்தில் ஸ்ரீ வைத்தியநாதய்யர் தலைமையில் அரிஜனங்களும் நாடார்களும் பிரவேசித்தது 1939-ல் தான்.

இங்கே சற்று விலகி, அதே காலத்தில் பக்கத்து ஊரில் நடந்த ஒரு காரியத்தைச் சொல்லவேண்டும். 1922-ல் சிவகாசியிலிருந்து ஸ்ரீ அய்ய நாடார், ஸ்ரீ சண்முக நாடார் என்ற இரண்டு வாலிபர்கள் கல்கத்தாவுக்கு ரயில் ஏறினார்கள். மழை பொய்த்தால் பிழைப்பும் பொய்க்கும் சீமையில் பிறந்தவர்கள் அவர்கள். தீக்குச்சி செய்யும் வித்தை வங்காளத்தில் நடக்கிறது என்று கேள்விப்பட்டு, பாஷை தெரியாத அந்த நகரத்தில் சில மாதங்கள் தங்கி, குச்சி சீவுவது, மருந்து கலப்பது, பெட்டி செய்வது வரையில் நேரில் கண்டு கற்று, 1923-ல் சிவகாசியில் தொழில் தொடங்கினார்கள். அந்தத் தீப்பெட்டியிலிருந்தே பட்டாசும் அச்சுத் தொழிலும் கிளைத்தன. சிவகாசி என்றால் உலகம் இன்று எதை நினைக்கிறதோ அது அந்த இருவரும் கற்றுக்கொண்டு வந்த பாடத்தின் பலன். கல்லூரி வாசலை மிதியாதவர்கள் தூரதேசம் போய்க் கல்வி தேடினார்கள் என்பதற்கு இதைவிட வேறு திருஷ்டாந்தம் வேண்டியதில்லை.

எட்டு வருஷங்களுக்குப் பின் விருதுநகர் வாலிபர் ஒருவரும் கல்கத்தாவுக்குப் போனார். அவரைப் போலீஸார் கொண்டுபோனார்கள். 1930-ல் ராஜாஜியின் தலைமையில் நடந்த வேதாரணிய உப்புச் சத்தியாக்கிரகத்தில் கலந்துகொண்டதற்காக ஸ்ரீ காமராஜுக்கு இரண்டு வருஷத் தண்டனை விதிக்கப்பட்டது. வைக்கப்பட்ட இடம் கல்கத்தா அலிப்பூர் சிறை. காந்தி-இர்வின் உடன்படிக்கையின் காரணமாக 1931-ல் கெடு முடியுமுன்பே விடுதலையானார். அவ்வூரில் இருவர் தீக்குச்சித் தொழில் கற்றார்கள், மூன்றாமவர் அரசியல் கற்றார். இரு வகையிலும் எங்கள் தென்பாண்டிச் சீமைக்குக் கல்கத்தா செய்த உபகாரத்தை நாம் மறக்கலாகாது.

சிறைச்சாலை அவருடைய காலேஜ். இதை அலங்காரமாகச் சொல்லவில்லை. ஆறு தடவைகளில் 3,000 நாட்களுக்கு மேல் அவர் சிறையில் இருந்தார். பி.ஏ. பட்டமும் சட்டப் பட்டமும் சேர்த்து வாங்கினாலும் அவ்வளவு நாட்கள் ஆகா. சிறையில் அவரோடிருந்தவர்களில் வக்கீல்கள், டாக்டர்கள், பத்திரிகாசிரியர்கள், சோஷலிஸ்டுகள், பயங்கரவாத இயக்கத்து இளைஞர்கள் எல்லோரும் உண்டு. 1932-ல் வேலூர்ச் சிறையில் பகத் சிங்கின் தோழர்களான ஜெயதேவ் கபூர், கமல்நாத் திவாரி ஆகியோரோடு அவருக்குப் பழக்கம் ஏற்பட்டது. கற்றவர்களிடத்தில் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்வதில் அவருக்கு வெட்கம் இல்லை. ஆங்கிலப் பத்திரிகைகளையும் தாமாகவே முயன்று படிக்கப் பழகினார். வயது முப்பதை நெருங்கிய பிறகு புதிய பாஷையின் எழுத்துக்களோடு மல்லுக்கு நிற்பதற்கு எவ்வளவு பணிவு வேண்டும் என்பதைச் சிறு வயதிலேயே அதை உருப்போட்டுவிட்ட நம் போன்றோர் எளிதில் அறியமாட்டோம். பிற்காலத்தில் டில்லி அதிகாரிகள் ஆங்கிலத்தில் பேசிக்கொள்ளும்போது இவருக்கு என்ன விளங்கப்போகிறது என்று எண்ணியவர்கள் ஏமாந்து போனார்கள்.

1933-ல் விருதுநகர் வெடிகுண்டு வழக்கில் அவரையும் சேர்த்தார்கள். இளம்பிராயத்தில் எந்தப் பிரசங்கிகளைக் கேட்பதற்காகக் கடையை விட்டு ஓடினாரோ, அதே டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் ஸ்ரீ ஜார்ஜ் ஜோஸப்பும் அவருக்காக வாதாடினார்கள். குற்றச்சாட்டு ஆதாரமற்றது என்று தள்ளுபடியாயிற்று. மாணாக்கருக்காக உபாத்தியாயர்கள் கோர்ட்டு ஏறிய அபூர்வமான சந்தர்ப்பம் இது.

அவருடைய அரசியல் குரு ஸ்ரீ சத்தியமூர்த்தி. ஆங்கிலத்திலும் தமிழிலும் ஒப்பற்ற நாவன்மை படைத்த வக்கீல். 1936-ல் மாகாணக் காங்கிரஸுக்குக் குரு தலைவரானார், சிஷ்யர் காரியதரிசியானார். 1940-ல் நிலை மாறியது. சிஷ்யர் தலைவர், குரு காரியதரிசி. இந்த மாற்றத்தால் இருவருக்குமிடையே மனக்கசப்பு உண்டாகவில்லை என்பது இக்காலத்துக் கட்சிக்காரர்களுக்கு வியப்பாயிருக்கலாம். 1943-ல் சத்தியமூர்த்தி மறைந்தார். 1947-ல் சுதந்திர தினத்தன்று காமராஜ் அவருடைய வீட்டுக்குப் போய் அங்கே தேசக் கொடியை ஏற்றினார்.

இன்னொரு சிறு விஷயம். 1940-ம் வருஷக் கடைசியில், யுத்த நிதிக்கு எதிராகப் பிரசாரம் செய்ததற்காகக் கைதாகி வேலூரில் இருந்தபோது, விருதுநகர் ஜனங்கள் அவரை நகரசபைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். மறு வருஷம் நவம்பரில் விடுதலையாகி வந்ததும் அவர் அந்தப் பதவியை ராஜினாமாச் செய்தார். முழுக் கவனம் செலுத்த முடியாத பதவியை வகிக்கலாகாது என்பது அவர் கொள்கை. நாற்காலி கிடைத்தால் போதும், கவனத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றிருப்பவர்கள் இதைக் கவனிப்பார்களாக.

1954-ம் வருஷம் ஏப்ரல் 13-ந் தேதி ஸ்ரீ காமராஜ் சென்னை ராஜ்யத்தின் முதன் மந்திரியானார். அதற்கு முந்திய வருஷம் ராஜாஜி மந்திரி சபை, கிராமங்களிலுள்ள ஆரம்பப் பள்ளிகளில் பாட நேரத்தைத் தினம் மூன்று மணியாகக் குறைத்து, மிச்ச நேரத்தில் பிள்ளைகள் தகப்பன்மாரின் தொழிலைப் பழகலாம் என்று ஒரு திட்டம் கொண்டுவந்திருந்தது. ராஜாஜியின் தேசபக்தியிலோ அறிவிலோ நமக்குச் சந்தேகம் கிடையாது. இருக்கிற பள்ளிக்கூடங்களையும் உபாத்தியாயர்களையும் கொண்டு இரு மடங்கு பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லலாம் என்பது அவருடைய கணக்கு. கணக்கில் பிழையில்லை. ஆனால் தகப்பன் தொழில் என்ற சொல் நம் நாட்டில் ஜாதி என்றுதான் காதில் விழும். பாதி நாள் பள்ளிக்கூடம் என்பது ஏழை வீட்டில் மறுபாதி நாள் கூலி என்றாகும், பிறகு அந்தக் கூலி முதல் பாதியையும் விழுங்கும். ஜவுளிக் கடையில் உட்கார்ந்த பையனுக்கு இது தெரியும். கடும் எதிர்ப்பின் நடுவே ராஜாஜி பதவி விலகினார். காமராஜ் மந்திரி சபை வந்ததும் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

அதன்பின் நடந்தவற்றை நமது வாசகர்கள் பொதுவாக அறிவார்கள். பள்ளிக்கூடம் இல்லாத கிராமங்களுக்குப் பள்ளிக்கூடம், ஓராசிரியர் பள்ளிகள், உபாத்தியாயர்களுக்கு ஓய்வுச் சம்பளம், குறைந்த வருமானமுள்ள குடும்பத்துப் பிள்ளைகளுக்கு 1960-ல் உயர்நிலைப் பள்ளி முடியும் வரை சம்பள விலக்கு என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மதிய உணவைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். மாடு மேய்க்கும் சிறுவன் ஒருவனை வழியில் கண்டு பேசியதிலிருந்து அந்த யோசனை உதித்தது என்று ஒரு கதை மேடைதோறும் சொல்லப்படுகிறது. நல்ல கதைதான். ஆனால் பசி படிப்பைத் தின்னும் என்பதை ஒரு மாட்டுக்காரப் பையன் வந்து அவருக்குச் சொல்லவேண்டிய அவசியம் இருந்ததா? பிடியரிசிப் பள்ளிக்கூடத்தில் படித்து, வட்டிப் பணத்து வீட்டுக்குத் திரும்பியவர் அவர்.

கஜானாவில் பணம் இல்லை என்று அதிகாரிகள் தயங்கினார்கள். அவர்களுடைய உத்தியோகம் அது. கல்வித் துறைத் தலைவராயிருந்த ஸ்ரீ நெ. து. சுந்தரவடிவேலு மட்டும் காரியத்தைத் தம் தோளில் ஏற்றுக்கொண்டார். சர்க்கார் உத்தரவுக்கு முன்னால் ஊராரின் அரிசியைத் தேடிப் போனார்கள். அறுப்புக் களத்தில் நெல்லும் வியாபாரிகளிடத்தில் பருப்பும் எண்ணெயும் சேர்ந்தன. 1956-ல் மகாகவி பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. பிறகு சர்க்காரும் செலவில் பங்கு ஏற்று அதை ராஜ்யமெங்கும் விரிவாக்கியது. விருதுபட்டி ஸ்திரீகளின் பிடியரிசி ஒரு ராஜ்யத்தின் வரவு செலவுத் திட்டத்தில் இடம்பெற்றது என்று சொன்னால் அது மிகையாகாது. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. பிடியரிசி உபாத்தியாயருக்குச் சம்பளமாயிற்று, இது பிள்ளையின் வயிற்றுக்கே போயிற்று. 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் என்ற பெயரில் ஊர் ஊராகக் கூடி, பெஞ்சும் கரும்பலகையும் கடிகாரமும் நிலமும் ஜனங்களே கொடுத்தார்கள். முதன் மந்திரி அந்த மாநாடுகளுக்குப் போய் உட்கார்ந்திருப்பார். நீண்ட பிரசங்கம் செய்யமாட்டார். பள்ளிக்கூடத்துக்கு எத்தனை பிள்ளைகள் வருகிறார்கள் என்றுதான் விசாரிப்பார்.

1963-ம் வருஷம் காந்தி ஜயந்தியன்று கட்சிப் பணிக்காக முதன் மந்திரி பதவியைத் துறந்ததும், அடுத்த ஜனவரியில் புவனேசுவரத்தில் அகில இந்தியக் காங்கிரஸுக்குத் தலைமை வகித்ததும், நேருவுக்குப் பின் சாஸ்திரியையும் சாஸ்திரிக்குப் பின் இந்திரா காந்தியையும் பிரதம மந்திரிகளாக்கியதும் தேச சரித்திரம். அதை இங்கே விரிக்கவில்லை. 1967-ல் நடந்ததைச் சொல்லவேண்டும். அந்தத் தேர்தலில், சொந்த ஊராகிய விருதுநகரில், பெ. சீனிவாசன் என்ற இளம் மாணவர் தலைவரிடம் 1,285 வாக்குகள் வித்தியாசத்தில் அவர் தோற்றார். ஹிந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியும் அரிசிப் பஞ்சமும் காரணங்கள் என்பார்கள். அவை உண்மைதான். இன்னொரு உண்மையையும் நாம் காண்கிறோம். அவருக்கு எதிராக ஊர் ஊராய்த் துண்டுப் பிரசுரம் எழுதியவர்களும் படித்தவர்களும் கூட்டத்தில் கேள்வி கேட்டவர்களும் யார்? அவர் திறந்த பள்ளிக்கூடங்களில் படித்து எழுந்த தலைமுறைதான். எழுத்துத் தெரிந்தவன் நன்றியுள்ளவனாகவே இருக்கவேண்டும் என்று நிபந்தனை போட்டு எந்த ஜனநாயகத்திலும் பள்ளிக்கூடம் திறப்பதில்லை. அவரும் போடவில்லை. தோல்வியை ஜனங்களின் தீர்ப்பு என்று ஏற்றுக்கொண்டு, 1969-ல் நாகர்கோவிலில் நின்று ஜயித்து லோகசபைக்குப் போனார். 1975-ம் வருஷம் அக்டோபர் 2-ந் தேதி சென்னையில் காலமானார். அவர் விட்டுச் சென்றவை சில வேஷ்டி சட்டைகள், புஸ்தகங்கள், சொற்பப் பணம். மறு வருஷம் பாரத ரத்னம் வழங்கப்பட்டது.

இத்துடன் நிறுத்தினால் இது வெறும் ஜயந்திக் கட்டுரையாகிவிடும். அவருடைய சொந்தச் சீமையிலேயே அவருடைய காரியம் நெடுங்காலம் பூர்த்தியாகவில்லை என்பதையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். கல்கத்தாவிலிருந்து வந்த தீப்பெட்டி வித்தை கரிசல் காட்டுக்குச் சோறு போட்டது. அதில் ஐயமில்லை. ஆனால் கட்டை அடுக்கவும் பெட்டி ஒட்டவும் சிறு விரல்களே வேகமானவை என்று ஒரு வழக்கம் வந்துவிட்டது. எண்ணிக்கைக்குக் கூலி. விடியுமுன் கிராமங்களுக்கு பஸ் வரும். தூக்கம் கலையாத குழந்தைகளை ஏற்றிக்கொண்டு தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும். இருட்டிய பிறகு திரும்பும். அவர் போட்ட மதிய உணவு அவர் பிறந்த ஜில்லாவின் பள்ளிக்கூடங்களில் கொதித்துக்கொண்டிருந்தபோதே, அதை உண்ணவேண்டிய பிள்ளைகளில் பலர் மருந்து வாசனையில் உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் பெண் குழந்தைகள். அண்ணன் தம்பிமார் பள்ளிக்கூடம் போக அக்காள் தங்கைமார் கட்டை அடுக்கினார்கள். தாய் தகப்பன்மாரைக் கல்நெஞ்சர்கள் என்று திட்டுவது எளிது. முன்னே நாம் சொன்ன அந்த விலை, பிள்ளையின் நேரத்துக்கு ஏழை வீட்டிலுள்ள விலை, இங்கே வாராவாரம் ரொக்கமாகக் கைக்கு வந்தது. ஒருவேளைச் சோற்றை விட அது கனமாயிருந்தது.

1986-ல் பார்லிமெண்டு செய்த சட்டம் பதினான்கு வயதுக்குட்பட்டவர்களைத் தீப்பெட்டி, வெடிமருந்து, பட்டாசு வேலைகளில் வைக்கலாகாது என்று தடுத்தது. ஸ்ரீ எம். சி. மேத்தா என்ற வக்கீல் சிவகாசிக் குழந்தைகளுக்காகத் தொடுத்த வழக்கில், 1996-ம் வருஷம் டிசம்பர் 10-ந் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்தவேண்டும். அந்தக் குழந்தைக்குப் பதில் வீட்டிலுள்ள பெரியவர் ஒருவருக்கு வேலை கொடுக்கச் சர்க்கார் முயலவேண்டும், முடியாவிட்டால் 5,000 ரூபாயை அந்த நிதியில் சேர்க்கவேண்டும். பிள்ளை பள்ளிக்கூடம் போனால்தான் அதன் வருமானம் குடும்பத்துக்குக் கிடைக்கும். நீதிமன்றங்களில் வழங்கும் உத்தரவுகளை நாம் தொழில் முறையில் நிறையப் படிக்கிறோம். ஏழை வீட்டுக் கணக்கைத் தாய்மாரைப் போலக் கூட்டிக் கழித்துப் பார்த்த உத்தரவுகள் அவற்றில் அதிகமில்லை. 2009-ல் கட்டாயக் கல்விச் சட்டமும் வந்தது. ஆபீசுகளில் குழந்தைகள் குறைந்தார்கள். பெட்டி ஒட்டும் வேலை சில காலம் வீட்டுக்குள் ஒளிந்து கொண்டது. தேச ஊழியம் செய்யும் நமது வாசகர்கள் அந்தக் கிராமங்களுக்குப் போனால் திண்ணையில் என்ன காய்கிறது என்று பார்த்துவிட்டு, பள்ளிக்கூடத்துப் பதிவேட்டையும் பார்க்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இதே விருதுநகர் ஜில்லா பின்னர் மேல்நிலைத் தேர்வில் தேறியவர்களின் விகிதத்தில் பல வருஷங்கள் தொடர்ந்து ராஜ்யத்திலேயே முதலாவதாக நின்றது. 2006-ல் தமிழ்நாட்டு சர்க்கார் ஜூலை 15-ந் தேதியைக் கல்வி வளர்ச்சி நாளாக ஏற்படுத்தியது. ஸ்ரீ காமராஜ் முதன் மந்திரி பதவியிலிருந்து விலகிய அதே 1963-ம் வருஷத்தில்தான், கல்கத்தாவுக்கு ரயில் ஏறிய இருவரில் ஒருவரான ஸ்ரீ அய்ய நாடாரின் பெயரையும் அவர் மனைவியார் ஜானகி அம்மாளின் பெயரையும் தாங்கிய கல்லூரி சிவகாசியில் தொடங்கியது. கட்டை அடுக்கிய தாய்மாரின் புத்திரிகள் இன்று காலை நேரத்தில் அதே கிராமங்களிலிருந்து, அதே சாலைகளில் பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போகிறார்கள்.